கப்பல் சுற்றுலாவில் இரண்டு துறைமுகங்கள் விட்டுப்போயின: இதற்கு யாரைக் கேட்பது?

அலைமகள்:
ஏழு இரவுப் பயணம். நான்கு துறைமுகங்கள் என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். இரண்டில் கப்பல் நிற்கவே இல்லை. காற்று அதிகம் என்று ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பு, அவ்வளவுதான். அதில் ஒரு தீவைப் பார்ப்பதற்காகவே அப்பா மூட்டு வலியோடு வந்தார். பால்கனியில் நின்று தூரத்தில் தெரிந்த மலையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து படுத்துக்கொண்டார். திரும்பக் கிடைத்தது துறைமுகக் கட்டணம் மட்டும்.

கடலோடி:
அப்பாவை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் கேப்டன் செய்ததுதான் சரி. இந்தக் கப்பல்கள் பத்துப் பதினைந்து மாடி உயரம். பக்கவாட்டில் காற்று அடித்தால் கப்பலின் மொத்த உடம்பும் பாய்மரத் துணி மாதிரி காற்றை வாங்கும். துறைமுகத்துக்குள் மெதுவாகத்தான் போக முடியும். வேகம் குறையக் குறைய, கப்பலைத் திருப்பும் சுக்கானின் பிடியும் குறையும். சிறு படகில் ஆளை இறக்கும் தீவு என்றால் இன்னும் மோசம். அலையில் ஏறி இறங்கும் படகில் மூட்டு வலிக்காரர் எப்படிக் கால் வைப்பார்? நிறுத்தத்தைக் கைவிடலாம் என்று ஒப்பந்தத்திலும் இருக்கும். நீங்கள் வாங்கியது கப்பலை, ஊரை அல்ல.

அலைமகள்:
கேப்டன் மேல் எனக்குக் கோபமே இல்லை. அந்த அலையில் அப்பாவை இறங்கச் சொல்லியிருந்தால் நானே விட்டிருக்க மாட்டேன். ஆனால் கப்பலை வாங்கினேன் என்கிறீர்களே, விளம்பரத்தின் முதல் படமே அந்தத் தீவுதான். கைவிடலாம் என்ற வரி எங்கேயோ உள்ளே பொடி எழுத்தில் கிடக்கிறது.

தென்றல்:
நடுவில் ஒன்று. கரையில் சுற்றிப் பார்க்கக் கப்பல் மூலமாகவே பதிந்திருந்தால், நிறுத்தம் ரத்தானதும் அந்தப் பணம் பொதுவாகத் திரும்ப வரும். வெளியே பதிந்திருந்தால் அந்தந்த நிறுவனத்தின் விதிமுறைதான். உடனே எழுதிக் கேளுங்கள்.

கடலோடி:
சரி, படகில் இறக்கும் ஊர் என்பதைப் பயணத் திட்டத்திலேயே குறிப்பிடுவது வழக்கம். பார்த்தீர்களா?

அலைமகள்:
இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். தீவின் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நங்கூரக் குறி இருக்கிறது. அது படகு இறக்கத்தைக் குறிக்கிறது என்று எனக்குத் தெரியாது. விற்ற முகவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்பாவின் வயதையும் மூட்டு வலியையும் கேட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் அவர் இந்தப் பயணத்தைச் சிபாரிசு செய்தார்.