மாமா பேர்ல டெல்லில கம்பெனியாம், 38 லட்சம் வரி கட்ட சொல்லி நோட்டீஸ்

திருப்பூர்_செல்வம்:
விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்கண்ணே. மாமா இங்க பனியன் கம்பெனில ஓவர்லாக் டைலர், சனிக்கிழமை சம்பளம் வாங்கினாதான் அடுத்த வாரம் ஓடும். போன வாரம் தபால்ல ஜிஎஸ்டி நோட்டீஸ், டெல்லில ஸ்கிராப் வியாபாரம் பண்றாராம், 38 லட்சம் வரி பாக்கியாம். மனுஷன் ரயில்ல போன தூரமே சேலம் வரைக்கும்தான். ரெண்டு வருஷம் முன்னாடி லோன் வாங்கித் தரேன்னு ஒருத்தன் ஆதார் பான் ஜெராக்ஸ் வாங்கிட்டு போன்ல வந்த ஓடிபியும் கேட்டு வாங்கினான், லோனும் வரல ஆளும் வரல. ஸ்டேஷன்ல கேட்டா ஜிஎஸ்டி ஆபீஸ் போங்கறாங்க. அத்தை நோட்டீஸை சாமி படத்துக்கு பின்னாடி சொருகிட்டு அழுதுட்டு இருக்கு. அப்படியே விட்டா போயிருமா?

கணக்கு_முருகேசன்:
விட்றாதீங்க தம்பி, மொதல்ல அதை சாமி படத்துக்கு பின்னாடி இருந்து எடுங்க. பதில் போட வேண்டிய தேதி அதுலயே இருக்கும். பதில் போகலன்னா ஆர்டர் போட்ருவாங்க, அப்புறம் 3 மாசத்துக்குள்ள அப்பீல் போகணும், அதுக்கே தகராறுல இருக்கற வரில 10 சதவீதம் முன்னாடியே கட்டணும், 38 லட்சமும் வரின்னா 3.8 லட்சம், எங்க போவீங்க? போர்ட்டல்ல திருடனோட மொபைல், மெயில்தான் இருக்கும், உங்களால லாகின் பண்ண முடியாது. அதனால அந்த ஆபீசருக்கு ரிஜிஸ்டர் தபால்ல எழுதுங்க. பிஎஃப் பாஸ்புக், பேங்க் பாஸ்புக், கம்பெனில இருந்து ஒரு லெட்டர் எல்லாம் வெச்சு, மோசடியா எடுத்த பதிவு, ஜிஎஸ்டி சட்டம் 29(2)(இ) படி ரத்து பண்ணுங்கன்னு கேளுங்க. இன்னொண்ணு, ஜிஎஸ்டி சைட்ல பான் நம்பர் போட்டு தேடற இடம் இருக்கு, லாகின் வேணாம், அதையும் பாத்துருங்க.

வக்கீல்_கோவை:
போலீஸ் அப்படி தட்டிக் கழிக்க முடியாது. அடுத்தவன் அடையாளத்தை வெச்சு மோசடி பண்றது ஐடி சட்டம் (தகவல் தொழில்நுட்பச் சட்டம்) 66சி, 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 1 லட்சம் வரைக்கும் அபராதம். ஆள்மாறாட்டத்துக்கு பிஎன்எஸ் (ஐபிசிக்கு பதிலா வந்த புது குற்றவியல் சட்டம்) 319 தனியா இருக்கு. ஸ்டேஷன்ல வாங்கலன்னா எஸ்பிக்கு தபால்ல அனுப்புங்க (திருப்பூர் சிட்டின்னா கமிஷனர் ஆபீஸ்), அப்பவும் அசையலன்னா மாஜிஸ்திரேட் கோர்ட். சைபர் கிரைம் சைட்லயும் பதிஞ்சு அந்த ஒப்புகை நம்பரை ஜிஎஸ்டி பதிலோட சேத்துருங்க, வெறும் லெட்டரை விட அதுக்கு மரியாதை ஜாஸ்தி.

சேலத்துக்காரன்:
என் மச்சானை இப்படித்தான் ஏதோ கம்பெனில டைரக்டராவே ஆக்கிட்டானுங்க. டைரக்டர் ஆகறதுக்கு எழுத்துல சம்மதம் குடுக்கணும்ல, அதுலயே கள்ளக் கையெழுத்து. கம்பெனி பதிவாளருக்கு புகார் எழுதிட்டு இன்னும் அலையறோம். ஆதார்ல பயோமெட்ரிக்கையும் லாக் பண்ணி வைங்க ப்ரோ.

திருப்பூர்_செல்வம்:
தேடிப் பாத்தேண்ணே, கை நடுங்குது. மாமா பான்ல ஒண்ணு இல்ல ரெண்டு ஜிஎஸ்டி நம்பர் வருது. ஒண்ணு 07ல ஆரம்பிக்குது, இன்னொண்ணு 08.

கணக்கு_முருகேசன்:
மொத ரெண்டு நம்பர் மாநிலக் குறியீடு, 07 டெல்லி, 08 ராஜஸ்தான் தம்பி. ரெண்டாவதுக்கு நோட்டீஸ் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, ரெண்டு ஆபீசுக்கும் தனித்தனியா எழுதுங்க. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சீங்களா?