செல்ஃப் சுத்துது, இன்ஜின் பிடிக்கல: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

தாம்பரத்தான்:

போன வருஷம் கத்திரி வெயில். தாம்பரத்துல இருந்து திருச்சிக்குக் குடும்பத்தோட போறோம். பன்னெண்டு வருஷப் பெட்ரோல் வண்டி. உளுந்தூர்ப்பேட்டை தாண்டி ஒரு டீக்கடையில நிறுத்தினேன். பத்து நிமிஷம் கழிச்சு வந்து சாவியைத் திருகினா செல்ஃப் கும்முனு சுத்துது, இன்ஜின் மட்டும் பிடிக்கவே இல்ல.

பின்சீட்டுல இருந்து மாமனார், "பேட்டரி போயிருச்சு மாப்ள"ன்னார். பேட்டரி படுத்திருந்தா டக் டக்னு சத்தம் வரும், இல்லேன்னா இழுத்து இழுத்துச் சுத்தும். இது காலையில சுத்துன மாதிரியே சுத்துது. சொன்னா கேட்பாரா? நான் விடாம சாவியைத் திருகிட்டே இருந்தேன்.

டீ குடிச்சிட்டு இருந்த லாரி டிரைவர் ஒருத்தர் வந்தார். "செல்ஃபைப் போட்டு அரைக்காதீங்க சார், மோட்டார் கருகிரும்"ன்னு சொல்லிட்டு, சாவியை ஆன்ல மட்டும் வைக்கச் சொன்னார். பெட்ரோல் மூடியைத் திறந்து காதை வெச்சுக் கேட்டார். ரெண்டு செகண்டு 'ஙொய்'னு ஒரு சத்தம், அப்புறம் அமைதி. "பம்ப் ஓடுது. இப்ப சுத்துங்க, ஆனா இன்ஜின் சுத்துற வேகத்தைக் காட்டுற ஆர்பிஎம் முள்ளைப் பாருங்க." முள் அசையவே இல்ல. நல்ல நாள்ல சுத்தும்போது அது லேசாத் துடிக்கும், நானே பார்த்திருக்கேன்.

"கிராங்க் சென்சார் சார், சூட்டுல படுத்திருச்சு." இன்ஜின் சுத்துறதைப் பல் பல்லா எண்ணி கம்ப்யூட்டருக்குச் சொல்ற சின்ன சாமான் அது. நிறைய வண்டியில இன்ஜினோட சேர்ந்து சுத்துற பல்சக்கரத்துல 60 பல்லுக்கு இடம் இருக்கும், ரெண்டு மட்டும் இருக்காது. அந்த ஓட்டை கடந்து போறதை வெச்சுத்தான் பிஸ்டன் எங்க நிக்குதுன்னு கம்ப்யூட்டருக்குப் புரியும். சென்சார் வாயை மூடிட்டா எப்பப் பெட்ரோல் அடிக்கணும், எப்பப் பொறி விடணும்னு தெரியாம அதுவும் சும்மா இருந்துரும்.

பானட்டைத் திறந்து போட்டு, ஈரத்துண்டை சென்சார் மேல வெச்சு, முக்கால் மணி நேரம் புளியமரத்தடியில உட்கார்ந்தோம். அப்புறம் ஒரே திருகுல பிடிச்சிருச்சு. எங்கயும் நிறுத்தாம திருச்சி. அங்க ஸ்கேனர் போட்டதும் பி0335 வந்துச்சு, கிராங்க் சென்சார் கோளாறுக்கான கோடு அது. சென்சார் மாத்த 1,400 ரூபாய் ஆச்சு. இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, ரெண்டு மாசம் முன்னாடி இதே கோளாறுக்கு ஊர்ல ஒரு ஒர்க்‌ஷாப்புல பெட்ரோல் பம்பையே மாத்தி ஆறாயிரத்துச் சொச்சம் வாங்கிட்டாங்க. வண்டி ஆறினதும் தானா ஸ்டார்ட் ஆயிருக்கு, பம்ப் மாத்தினதாலதான்னு நானும் நம்பிட்டேன்.

கோவை டீசல்:

நம்ம கதை கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவு, ரிசர்வ் விளக்கு எரிஞ்சும் 'மேல போய் ஊத்திக்கலாம்'னு ஏறினேன். ஏத்தத்துல டீசல் டேங்கோட ஒரு மூலைக்குப் போயி, குழாய் காத்தை இழுத்திருச்சு. கேன்ல அஞ்சு லிட்டர் வாங்கி ஊத்தியும் சுத்துதே ஒழிய பிடிக்கல. டீசல் வண்டிக்குள்ள காத்து ஏறினா அப்படித்தான். ஃபில்டர் தலையில இருக்கிற ரப்பர் பம்பைக் கையால அமுக்கினேன். முதல்ல புஸ் புஸ்னு வெறுமையா இருந்துச்சு, முப்பது நாப்பது அமுக்குக்கு அப்புறம் கல்லு மாதிரி இறுகிருச்சு. உடனே ஸ்டார்ட்.

ஒரு எச்சரிக்கை. பழைய வண்டியில இன்ஜெக்டருக்கு, அதாவது டீசலைப் பீய்ச்சுற சாமானுக்கு, போற பைப்போட நட்டைத் தளர்த்திக் காத்து எடுப்பாங்க. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாய்ல இருந்து அழுத்தமா டீசல் போற காமன் ரெயில் வண்டியில அந்த வேலையே வேண்டாம். உள்ள ஆயிரம் பாருக்கு (பார்னா அழுத்தத்தோட அளவு) மேல அழுத்தம் போகும், பீறிடுற டீசல் தோலைக் கிழிச்சு உள்ள ஏறிரும்.

நெல்லைச் சீமை:

எங்க அண்ணன் கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளை வண்டி! சுத்துது, பிடிக்கல. ரெண்டு மெக்கானிக் வந்து பிளக்கைக் கழத்திட்டாங்க. சித்தப்பா பையன்தான் டாஷ்போர்டுல சாவிப் படம் மினுக்குறதைப் பார்த்தான். யாரோ அவசரத்துக்குத் தெருமுனைக் கடையில வெட்டுன டூப்ளிகேட் சாவியைக் குடுத்திருக்காவ. கதவு திறக்கும், செல்ஃபும் சுத்தும், உள்ள சிப்பு இல்லாததால இன்ஜினை மட்டும் விடாது. வீட்டுக்குப் போயி ஒரிஜினலை எடுத்துட்டு வந்தோம். நல்லவேளை முகூர்த்தம் தப்பல.

புது டிரைவர்:

அண்ணே, எனக்கு எலி. ரெண்டு வாரம் நிறுத்தியே வெச்சிருந்தேன், இன்ஜெக்டர் ஒயரைக் கடிச்சிருச்சு. அதை விடுங்க, ஒரு சந்தேகம். ரொம்ப நேரம் சுத்தினா பெட்ரோல் வாசம் வருதே, அப்ப என்ன பண்றது?

தாம்பரத்தான்:

பொறி விடுற பிளக் பெட்ரோல்ல நனைஞ்சிருக்கும் தம்பி. ஆக்சிலேட்டரை அடி வரைக்கும் மிதிச்சுப் பிடிச்சுக்கிட்டே அஞ்சு செகண்டு சுத்து. இன்ஜெக்‌ஷன் வண்டியில பெரும்பாலும் அப்படி மிதிச்சா பெட்ரோல் அடிக்கிறதை நிறுத்திட்டுக் காத்தை மட்டும் விடும், பிளக் காயும். கார்புரேட்டர் வண்டியிலயும் இதேதான், ஆனா மிதிச்சு மிதிச்சு விடாதே, இன்னும் ஊத்திரும். பிடிச்சதும் காலை உடனே எடுத்துரு.

இன்னொண்ணு, முள் துடிக்கிறது எல்லா வண்டிக்கும் பொருந்தாது. சில வண்டியில நல்லா இருக்கும்போதே அசையாது, உன் வண்டி எப்படின்னு இப்பவே ஒருதரம் பார்த்து வெச்சுக்க.

மாமனாரைக் கேட்டா இன்னைக்கும் பேட்டரிதான்னு சொல்றார். போன தீபாவளிக்குப் புதுசா ஒண்ணு வாங்கியும் குடுத்துட்டார்.