சரக்கு சேர்க்காமல் உற்பத்தி: கெட்டிக்காரத்தனமா, சூதாட்டமா?

கிடங்குச்சாவி: 'தேவைப்படும்போது செய், தேவைப்படும்போது கொண்டுவா' என்கிற ஜஸ்ட் இன் டைம் முறையை எல்லோரும் மெச்சுகிறார்கள். 1997 பிப்ரவரி 1 அன்று ஜப்பானில் உதிரிபாகம் செய்யும் ஐசின் செய்கி நிறுவனத்தின் கரியா ஆலை தீப்பிடித்தது. டொயோட்டா கார்களின் பிரேக்கில் வரும் ஒரு சின்ன வால்வு ஏறக்குறைய முழுவதும் அங்கேதான் தயாரானது. டொயோட்டாவிடம் இருந்த கையிருப்போ சில மணி நேரத்துக்குத்தான். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பாகம் இல்லாமல் அதன் உள்நாட்டு ஆலைகள் பெரும்பாலும் நின்றுபோயின. இதை எப்படிக் கெட்டிக்காரத்தனம் என்பது?

மூன்றாம் ஷிஃப்ட்: கதையைப் பாதியில் விட்டுவிட்டீர்கள். தையல் இயந்திரம் செய்யும் பிரதர் நிறுவனம் உட்படப் பலர் அந்த வால்வைச் செய்து கொடுக்க இறங்கினார்கள். ஒரு வாரத்துக்குள் ஆலைகள் ஓடத் தொடங்கிவிட்டன. தவிர, ஒரே ஆளிடம் வாங்கியது வேறு தப்பு, கையிருப்பு குறைவாக இருந்தது வேறு விஷயம்.

டொயோட்டாவில் ஜஸ்ட் இன் டைம் முறையை வளர்த்தெடுத்த தாய்ச்சி ஓனோ அதற்கு முன்மாதிரியாகச் சொன்னது சூப்பர் மார்க்கெட்டை. அலமாரியில் எடுத்த அளவுக்குத்தான் மறுபடி நிரப்புவார்கள். தொழிற்சாலையில் அந்தச் சேதியைக் கொண்டுபோவது கான்பன் அட்டை. அட்டை வராமல் ஒரு பாகம்கூடச் செய்யக் கூடாது. இதில் வட்டியும் இடமும் மிச்சமாவது இரண்டாம்பட்சம். ஒரு மாதச் சரக்கு குவிந்திருந்தால், அதிலுள்ள பழுது தெரியவே ஒரு மாதம் ஆகும். அதற்குள் அதே பழுதோடு இன்னொரு மாதச் சரக்கைச் செய்து முடித்திருப்பீர்கள்.

கிடங்குச்சாவி: அப்புறம் ஏன் 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு, 2 முதல் 6 மாதத்துக்கான சிப்களை இருப்பு வைக்கும்படி டொயோட்டாவே சப்ளையர்களிடம் சொன்னது? 2021 தொடக்கத்தில் மற்ற கார் நிறுவனங்கள் சிப் இல்லாமல் தவித்தபோது அதுதானே கைகொடுத்தது? குருவே கட்சி மாறிவிட்டார்!

மூன்றாம் ஷிஃப்ட்: மாறவில்லை. சிப் தயாராக மாதக்கணக்கில் ஆகும், அந்தக் காலத்தைக் குறைக்க வழியில்லை, அதனால் இருப்பு. எத்தனை கான்பன் அட்டை என்று கணக்கிடும்போதே தாமதத்துக்கென்று கொஞ்சம் கூட்டித்தான் போடுவார்கள். சரக்கே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அந்தச் சிப் இருப்பும் கரைந்துதானே, 2021 செப்டம்பருக்கான உலக உற்பத்தித் திட்டத்தில் 40 சதவீதத்தை வெட்டினார்கள்?

லேத்காரன்: நான் சப்ளையர். எங்களிடம் வாங்கும் கம்பெனியில் 'இங்கே சரக்கு இருப்பு பூஜ்யம்' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். உண்மைதான், அத்தனையும் என் ஷெட்டில் கிடக்கிறது. காலையில் ஓர் ஆர்டர், மாலையில் அதில் மாற்றம், ஒரு மணி நேரம் பிந்தினால் அபராதம். பணம் மட்டும் 90 நாள் கழித்து வரும். அதற்கு ஜஸ்ட் இன் டைம் கிடையாது போலிருக்கிறது.

கிடங்குச்சாவி: இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். சுமை குறையவில்லை, தலை மாறியிருக்கிறது.

மூன்றாம் ஷிஃப்ட்: இந்த இடத்தில் நான் வாதாடப் போவதில்லை, அது அநியாயம். வாங்குபவர் தன் உற்பத்தியை நாளுக்கு நாள் சீராக வைக்க வேண்டும். ஹெய்ஜுன்கா என்பது அதுதான். அதைச் செய்யாமல் அட்டையை மட்டும் காப்பியடித்தால் இப்படித்தான் ஆகும். சரி, அட்டவணை மாறாது என்று உறுதி கிடைத்தால் எத்தனை நாள் சரக்கு வைப்பீர்கள்?

லேத்காரன்: மூன்று நாள் போதும். இப்போது இருபது நாள் வைத்திருக்கிறேன்.

கிடங்குச்சாவி: மூன்றே நாளா? உங்கள் ஷெட் தீப்பிடித்தால்?

லேத்காரன்: அந்த இருபது நாள் சரக்கும் அதே ஷெட்டில்தான் சார் இருக்கிறது!