மாதம் முடியுமுன் தீர்ந்துபோகும் வீட்டு இணையம்: கொக்குவிலில் மாற்று உண்டா?

யாழ்ப்பாணம் கொக்குவிலில் உள்ள எங்கள் வீட்டில் ஹுவாவே பி315 4ஜி ரவுட்டரில் 100 ஜிபி மாதப் பொதியைப் பயன்படுத்துகிறோம். கடந்த மூன்று மாதங்களாக அது 18ஆம் திகதிக்குள்ளேயே தீர்ந்து, வேகம் விழுந்து, அம்மம்மாவின் நாடகம் பாதியில் நிற்க, திரையில் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நெட்ஃபிளிக்ஸில் உயர்தரப் படம் மணிக்கு 3 ஜிபி வரை எடுக்கும் என்பதால் தரத்தைக் குறைத்தேன். அடுத்த பகுதி தானாக ஓடுவதை நிறுத்தினேன். வைஃபை கடவுச்சொல்லையும் மாற்றினேன் (பக்கத்து வீட்டுச் சிறுவர்கள்மீது வீணாகச் சந்தேகப்பட்டுவிட்டேன்). பயன் இல்லை. மேலதிக டேட்டாவுக்குக் கட்டும் பணமும், ஏறிக்கொண்டே போகும் சந்தாக்களும் சேர்ந்து இம்மாத மின்கட்டணத்தையே மிஞ்சிவிட்டன. கொக்குவில் பகுதியில் அளவு வரையறையற்ற ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவர்கள் மாதம் எத்தனை ரூபா கட்டுகிறீர்கள்?