காசில்லாம சொந்த வலைப்பூ: ஹியூகோவில செய்து பாத்தவை இருக்கிறீங்களோ?

குளத்தடிப்பிள்ளை, ஒட்டுசுட்டான்:
வணக்கம் எல்லாருக்கும். எங்கட அம்மம்மா முத்தையன்கட்டுப் பக்கத்து வயல் துண்டுகளின்ர பழைய பேர், அப்பப்பா காட்டில தேன் எடுத்தது, வற்றாப்பளைப் பொங்கலுக்கு நடந்து போனது எண்டு சொல்லச் சொல்ல கொப்பியில எழுதி வச்சிருக்கிறன், நாப்பது பக்கம் வந்திட்டுது. 2009இல எங்கட வீட்டு அல்பம், கொப்பி ஒண்டும் மிஞ்சேல்ல, அதால இதை ஒரு இடத்தில மட்டும் வச்சிருக்கப் பயமாக் கிடக்கு. மாசாமாசம் காசு கட்ட ஏலாது. எழுத்துக் கோப்புகளை வலைத்தளமா மாத்திற ஹியூகோ எண்ட மென்பொருளில செய்து, கோப்புகளை இணையத்தில வச்சிருக்கிற கிட்ஹப் தளத்தில சும்மா போடலாம் எண்டு கேள்விப்பட்டு ஒரு கிழமையா மல்லுக்கட்டுறன். லப்ரொப்பில வடிவா வருது, ஏத்தினாப்பிறகு வெறும் எழுத்து மட்டும் கொட்டிக் கிடக்கு, புதுப் பதிவுகளையும் காணேல்ல. தெரிஞ்சவை சொல்லுங்கோ.

பாலைமரம்:
பிள்ளை, முதல்ல தளத்தின்ர அமைப்புகளை எழுதிற கொன்பிக் கோப்பில பேஸ்யுஆர்எல், அதாவது தளத்தின்ர முகவரி வரியப் பாருங்கோ. ரெப்போவுக்கு, அதாவது கிட்ஹப்பில உங்கட கோப்புகள் கிடக்கிற இடத்துக்கு, உங்கட யூசர்நேமோட கிட்ஹப் ஐஓ சேர்த்துப் பேர் வச்சா தளம் நேர அந்த முகவரியில நிக்கும், வேற பேர் வச்சிருந்தா முகவரிக்குப் பின்னால அந்தப் பேரும் வரும், அதை அங்க எழுதாட்டி நிறம், வடிவம் குடுக்கிற சிஎஸ்எஸ் கோப்பைப் பிழையான இடத்தில போய்த் தேடும், அதுதான் நிறமில்லாமக் கிடக்கு. பதிவு காணாததுக்கு, கோப்பின்ர மேல்பக்கத்தில டிராஃப்ட் ட்ரூ, அதாவது இன்னும் வெளியிடாத வரைவு எண்டு இருக்கும், புதுசா ஒண்டு திறந்தா ஹியூகோவே அப்பிடித்தான் போடும். ஃபோல்ஸ் ஆக்குங்கோ.

குளத்தடிப்பிள்ளை:
அண்ணை நிறம் வந்திட்டுது!! பழைய பதிவுகளும் வந்திட்டுது. ஆனா இண்டைக்குக் காலமை எழுதினது மட்டும் லப்ரொப்பில கூட வரேல்ல, டிராஃப்டும் இல்ல.

மாங்குளம்_சந்தி:
திகதியும் நேரமும் கையால அடிச்சனீங்களோ? பின்னால எங்கட நேர வித்தியாசம் +05:30 போடாட்டி ஹியூகோ அதை யுடிசி எண்ட உலகப் பொது நேரமா எடுக்கும், நீங்கள் காலமை 8 மணி எண்டு அடிச்சா அதுக்கு எங்கட நேரம் பின்னேரம் 1.30, இன்னும் வராத நேரத்துப் பதிவை அது வெளியில விடாது. கொன்பிக்கில டைம்சோனுக்கு ஏசியா கொழும்பு எண்டு போட்டா அந்தக் கரைச்சல் முடிஞ்சுது. எனக்கும் இதில ரெண்டு நாள் போனது.

பாலைமரம்:
இன்னும் ஒண்டு, இது முக்கியம். கிட்ஹப் சும்மா தாறதெண்டா ரெப்போ பப்ளிக்கா இருக்கவேணும், அப்ப தளத்தில வராத டிராஃப்டையும் ஆரும் திறந்து வாசிக்கலாம், ஒருக்கா ஏத்தினதைப் பிறகு அழிச்சாலும் பழைய வரலாற்றுக்குள்ள கிடக்கும். உயிரோட இருக்கிற ஆக்களின்ர பேர், காணிப் பிரச்சினை ஏதும் அம்மம்மா சொல்லியிருந்தா அதைக் கொப்பியோட வையுங்கோ. போன் படத்தையும் அப்பிடியே ஏத்தாதேங்கோ, ஒவ்வொண்டும் நாலு அஞ்சு எம்பி வரும், அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைச்சாக் காணும். கொப்பியில கொஞ்சத்தைப் பாமினி எண்ட பழைய எழுத்துருவில அடிச்சு வச்சிருந்தா யூனிகோடுக்கு மாத்திப் போடுங்கோ, இல்லாட்டி இங்கிலீஷ் எழுத்துகளாத்தான் தெரியும்.
நீங்கள் பயப்பிட்டதுக்கு இதுதான் நல்ல வழி, ஏனெண்டா பதிவெல்லாம் சாதாரண எழுத்துக் கோப்பு, கிட்ஹப் நாளைக்கு இல்லாமப் போனாலும் முழுசும் உங்கட லப்ரொப்பில இருக்கும். ஒரு பென் டிரைவில போட்டு வெளியில இருக்கிற சொந்தக்காரர் ஆருக்கும் குடுத்து வையுங்கோ.

குளத்தடிப்பிள்ளை:
டைம்சோன்தான் பிழை, இப்ப வந்திட்டுது, ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. பென் டிரைவ் ஒண்டு மாமாட்டக் குடுத்து விடுறன். அம்மம்மாக்குப் போனில வாசிச்சுக் காட்ட, "அது மருதடித் துண்டு இல்லப் பிள்ளை, மருதங்குழித் துண்டு" எண்டவ. திருத்தி ஏத்தினன், கொஞ்ச நேரத்தில மாறி வந்திட்டுது, கண்ணாடியப் போட்டுக்கொண்டு தானே திரும்ப வாசிச்சவ.