இளையோர் சுகாதார நிலையம்: கொழும்பு மாநகரில் யாரிடம், எதைக் கேட்பது?

மட்டக்குளி சனசமூக நிலையம்:
எங்கள் பகுதியில் கர்ப்பிணித் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் கிளினிக் ஒழுங்காக நடக்கிறது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு 1, 4, 7, 10ஆம் தரங்களில் மருத்துவப் பரிசோதனை உண்டு. ஆனால் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திவிட்டுப் புறக்கோட்டைக் கடைகளுக்கு வேலைக்குப் போகும் 17, 18 வயதுப் பிள்ளைகள் இந்த இரண்டிலும் சேர்வதில்லை. மனச்சோர்வு, போதைப்பொருள், மாதவிடாய்ச் சிக்கல், பாலியல் நோய் பற்றிய பயம் என எது வந்தாலும் அவர்கள் போய் நிற்பது பாமசியில்தான். சுகாதார அமைச்சு 'யொவுன் பியச' என்ற பெயரில் இளையோர் நிலையங்களை அமைத்திருப்பதை அறிவோம். அப்படியொன்றை எங்கள் வட்டாரத்துக்குக் கேட்டு மனு எழுதவிருக்கிறோம். அதை அமைச்சிடம் கொடுப்பதா, மாகாண சபையிடமா, மாநகர சபையிடமா?

ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர்:
தம்பி, 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து நோய்த்தடுப்பு வேலை பிரதேசவாரியாகவே நடந்து வருகிறது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தோடு அதில் பெரும்பகுதி மாகாணங்களிடம் போயிற்று. கொழும்பு மாநகர எல்லைக்குள் மட்டும் அந்தப் பொறுப்பை மாநகர சபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களமே ஏற்றிருக்கிறது. ஆகவே மனுவை அத்திணைக்களத்தின் பிரதம சுகாதார வைத்திய அதிகாரிக்கு முகவரியிட்டு, வழிகாட்டலும் பயிற்சியும் தரவேண்டிய, சுகாதார அமைச்சின் குடும்ப சுகாதாரப் பணியகத்துக்கும் உங்கள் வட்டார உறுப்பினருக்கும் பிரதி அனுப்புங்கள். மாநகர சபையின் அடுத்த ஆண்டுக்கான பாதீடு இந்த ஆண்டு முடியுமுன் நிறைவேற வேண்டும் என்பதால், ஆண்டின் நடுப்பகுதிக்குள் மனு போய்ச் சேராவிட்டால் ஒரு வருடம் வீணாகும். புதிய கட்டடம் கேட்காதீர்கள், அந்தக் கோரிக்கை காணிப் பிரச்சினையிலேயே நின்றுவிடும். இருக்கிற கிளினிக் கட்டடத்தை வாரத்தில் இரண்டு மாலைகள் திறந்து தரும்படி கேளுங்கள்.

குடும்பநல உத்தியோகத்தர்:
ஐயா சொல்வது சரியான வழி. ஆயினும் கதவைத் திறந்துவிட்டால் மட்டும் பிள்ளைகள் வரமாட்டார்கள். நான் முன்பு கடமையாற்றிய ஓர் இடத்தில், பதிவு மேசை வாசலுக்கு நேரே, காத்திருக்கும் வாங்கிலிருந்து ஓர் அடி தூரத்தில் இருந்தது. வந்த பிள்ளையிடம் "என்ன வருத்தம்?" என்று அங்கேயே கேட்பார்கள், வாங்கில் இருப்பவரோ அவளுடைய பக்கத்து வீட்டு மாமி. அவள் "தலையிடி" என்று சொல்லிவிட்டு இரண்டு பனடோலோடு திரும்பிப் போவாள். எனவே பதிவுக்குத் தனி அறையும், தமிழில் பேசக்கூடிய ஓர் உத்தியோகத்தரும் வேண்டுமென்று மனுவில் தெளிவாக எழுதுங்கள். 18 வயதுக்குக் குறைந்தவருக்கு எந்தச் சேவைக்குப் பெற்றோர் சம்மதம் தேவை, எது இரகசியமாக இருக்கும், துன்புறுத்தல் போன்ற எதை அதிகாரிகளுக்கு அறிவித்தாக வேண்டும் என்பவை மூன்று மொழிகளிலும் எழுதப்பட்டு, பிள்ளை வாய் திறப்பதற்கு முன்பே அவளுக்குச் சொல்லப்பட வேண்டும். பாதியில் சொன்னால் நம்பிக்கை போய்விடும்.

முகத்துவாரம், வயது 21:
எனக்கு ஒரு மறுப்பு உண்டு, ஐயா. அந்தக் கிளினிக் கட்டடத்தை எங்கள் தோட்டக் குடியிருப்பில் எல்லோரும் பிள்ளைத்தாய்ச்சி கிளினிக் என்றே அறிவார்கள். ஆண்பிள்ளைகள் அதன் படியேற வெட்கப்படுவார்கள். சனசமூக நிலையத்திலேயே மாதம் ஒருமுறை உத்தியோகத்தர் வந்து, கரம் போர்டு ஆடும் பெடியன்களோடு பேசிப் பழகிய பின்புதான் கிளினிக் மாலைகள் பயன்படும். இளையோருக்கான சுகாதார சேவை பற்றி உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட எட்டுத் தரநிலைகளில், திட்டமிடலிலும் கண்காணிப்பிலும் அவர்களே பங்கேற்க வேண்டும் என்பதும் ஒன்று. பெரியவர்கள் எங்களுக்காகக் கூடிப் பேசும் குழு போதாது. வேலைக்குப் போகும் ஒருவரும், ஒரு பெண்ணும் அதில் உறுப்பினராக இருக்க வேண்டும். கூட்டமும் கடை பூட்டிய பிறகு நடக்க வேண்டும்.

மட்டக்குளி சனசமூக நிலையம்:
மூவருக்கும் நன்றி. சனசமூக நிலையத்தில் மாதம் ஒருமுறை பழகும் நாளையும் குழுவில் இளையோருக்கு இரண்டு இடங்களையும் முதற் கோரிக்கைகளாக வைக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை வரைவை இங்கே இடுகிறேன். சம்மதம் பற்றிய பந்தியைக் குடும்பநல உத்தியோகத்தர் அக்கா பார்த்துத் திருத்தித் தர வேண்டும்.