மாற்றி அனுப்பியபோது கையில் என்ன எழுதிக் கொடுத்தார்கள்? (விபத்துக் காயச் சிகிச்சை: அனுபவப் பகிர்வு)

பதிவு 1: திரியைத் தொடங்குபவர்

அனைவருக்கும் வணக்கம். விபத்தில் அடிபட்ட ஒருவரை ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசென்ற அனுபவம் உள்ளவர்கள் இங்கே எழுத வேண்டுகிறேன். எந்த மருத்துவமனையின் பெயரும் எந்த மருத்துவரின் பெயரும் வேண்டாம். அனுப்பும்போது உங்கள் கையில் என்ன எழுதிக் கொடுத்தார்கள், அது அடுத்த இடத்தில் எதற்குப் பயன்பட்டது என்பதை மட்டும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

என் தம்பி பால் சங்கத்தில் கணக்கு எழுதுபவன். இரண்டு ஆண்டுகளுக்கு முன், இரவு 9 மணி சுமாருக்கு, இருசக்கர வண்டியில் வீடு திரும்பும்போது நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் மோதி விழுந்தான். தலைக்கவசம் பெட்ரோல் டேங்கின் மேல் இருந்தது. அதைப் பற்றி இனிப் பேசிப் பயனில்லை. பக்கத்து ஊர் மருத்துவமனையில் நான் போய்ச் சேர்ந்தபோது அவன் பேசிக்கொண்டுதான் இருந்தான். சங்கத்துச் சாவி சட்டைப்பையில் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னான். காதுக்கு மேலே இருந்த கிழிசலுக்குத் தையல் போட்டார்கள். சி.டி. ஸ்கேன் வசதி இல்லை என்று சொல்லி, 'தலைக்காயம், மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது' என்று ஒரே வரி எழுதிய சீட்டைக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

இரண்டாவது இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 10.50. அதற்குள் அவன் கண்ணை மூடிக்கொண்டு, கூப்பிட்டால் முனகுபவனாக ஆகியிருந்தான். 'முதலில் எப்படி இருந்தார்? தெளிவாகப் பேசினாரா, குழறினாரா? எப்போதிலிருந்து தூங்குகிறார்? குடித்திருந்தாரா?' என்று பணியிலிருந்த மருத்துவர் அடுக்கடுக்காகக் கேட்டார். பதற்றத்தில் நான் சொன்ன பதில்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்திருக்க வேண்டும். ஏனென்றால் அவர் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்த ஒற்றை வரிச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்கேன் எடுப்பதற்கு வரிசையில் காத்திருந்தோம். எடுத்துப் பார்த்தபோது மண்டையோட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவே இரத்தம் கட்டியிருந்தது. அங்கே மூளை அறுவை மருத்துவர் இல்லை. மூன்றாவது மருத்துவமனையில் அறுவைக்கூடத்துக்குள் அவனைக் கொண்டுபோனபோது இரவு 2 மணிக்கு மேல் ஆகிவிட்டது.

பிழைத்துக்கொண்டான். அறுவை செய்த மருத்துவர் பிறகு எனக்குப் பொறுமையாக விளக்கினார். கண் திறப்பது, பேசுவது, கைகால் அசைப்பது ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் போட்டு நினைவுநிலையை அளக்கும் ஒரு முறை உண்டு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் 1974-இல் வகுக்கப்பட்டது. மிகக் குறைந்த மதிப்பெண் 3, முழு மதிப்பெண் 15. 'உங்கள் தம்பி இங்கே வரும்போது 8. இந்த எட்டைவிட, பதினைந்திலிருந்து எட்டுக்கு எவ்வளவு நேரத்தில் இறங்கினார் என்பதுதான் எங்களுக்கு முக்கியம். முதல் இடத்தில் 15 என்று ஓர் எண்ணும் பக்கத்தில் ஒரு நேரமும் எழுதியிருந்தால், இரண்டாவது இடத்தில் அவரை வரிசையில் நிற்க வைத்திருக்க மாட்டார்கள்' என்றார்.

தம்பி இப்போது நடக்கிறான், சாப்பிடுகிறான். ஆனால் வாய்ப்பாடு மறந்துவிட்டது. சொல்ல வந்த சொல் பாதியில் நழுவிப்போகும்போது கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறான். மருத்துவமனைக் கணக்கில் அவன் 'குணமடைந்து வீடு திரும்பியவர்'.

பதிவு 2: ஓய்வுபெற்ற செவிலியர்

அவசரப் பிரிவில் மட்டும் 19 ஆண்டுகள் பணிபுரிந்தேன். நீங்கள் சொல்லும் ஒற்றை வரிச் சீட்டை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஒரே நோயாளிக்கு ஒரே இரவில் டெட்டனஸ் ஊசியை மூன்று இடத்தில் போட்டிருக்கிறார்கள்; அதனால் பெரிய கேடு இல்லை. வலிக்கு என்ன ஊசி போட்டார்கள் என்று தெரியாமல் வருவதுதான் கேடு. மயங்கிக் கிடப்பவர் அடிபட்டதால் மயங்கினாரா, மருந்தால் மயங்கினாரா என்று பிரித்தறிய முடியாது.

நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரத்தக்கசிவைக் குறைக்க டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்து இருக்கிறது. மகப்பேற்றுப் பிரிவிலும் பயன்படுத்துவார்கள், விலையும் குறைவு. 40 நாடுகளில் 20,000-க்கும் மேற்பட்ட காயம்பட்டவர்களிடம் அதைச் சோதித்த பெரிய ஆய்வின் முடிவு 2010-இல் வெளிவந்தது. இந்திய மருத்துவமனைகளும் அதில் பங்கேற்றன. அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் உயிர் காக்கிறது, அதற்குப் பிறகு கொடுத்தால் கெடுதலாகவே முடியக்கூடும் என்று தெரிந்தது. எனவே, அடிபட்டது எத்தனை மணிக்கு என்ற ஒரு தகவல் இல்லையென்றால், மருந்தை அலமாரியில் வைத்துக்கொண்டே கொடுப்பதா வேண்டாமா என்று மருத்துவர் கையைப் பிசைய வேண்டியிருக்கும். உறவினரைக் கேட்டால் 'இப்பத்தாங்க' என்பார்கள். எல்லோருக்கும் அது இப்போதுதான்.

காகிதம் கிடைக்காதபோது நான் ஒன்று செய்வேன். அகலமான பிளாஸ்திரியைக் கிழித்து, அடிபட்ட நேரம், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், போட்ட ஊசி ஆகியவற்றைப் பேனாவால் எழுதி நோயாளியின் நெஞ்சில் ஒட்டி அனுப்புவேன். சீட்டு தொலையும், உறவினர் வேறு வண்டியில் போய்விடுவார், நெஞ்சு எங்கும் போகாது. கையிலோ காலிலோ இரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டியிருந்தால், கட்டிய நேரத்தையும் அப்படியே எழுதுவேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கட்டு அப்படியே கிடந்தால் தசை சாகத் தொடங்கும் என்பதால், அவிழ்க்கிறவருக்கு அந்த நேரம் தெரிந்தே ஆக வேண்டும். இதைப் பார்த்து ஒரு பயிற்சி மருத்துவர் சிரித்தார். மறுமாதம் அவரும் பிளாஸ்திரி கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

பதிவு 3: 108 ஊர்தியில் பணிபுரிபவர்

தமிழ்நாட்டில் இந்தச் சேவை 2008-இல் தொடங்கியது. நான் சேர்ந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. எங்களிடம் படிவம் இருக்கிறது, எழுதவும் எழுதுகிறோம். வாங்கிக்கொள்ளும் இடத்தில் அதை யார் படிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. வண்டியிலிருந்து இறக்கும்போது நான்கு பேர் ஸ்ட்ரெச்சரைப் பிடித்திருப்பார்கள், இரண்டு பேர் சட்டையை வெட்டுவார்கள், ஒருவர் நரம்பு தேடுவார். அந்தச் சந்தடியில் நான் சொல்வது சுவருக்குச் சொல்வது போலத்தான் இருக்கும்.

நான் அடிக்கடி போகும் ஓர் அரசு மருத்துவமனையில், விபத்து மற்றும் அவசர சிகிச்சைக்கான டி.ஏ.இ.ஐ. பிரிவு வந்து, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைப் பிரிக்கத் தொடங்கிய பிறகு, ஒரு தலைமைச் செவிலியர் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். நோயாளியைக் கட்டிலுக்கு மாற்றுவதற்கு முன் எல்லோரும் கையை எடுத்துவிட்டு அரை நிமிடம் நிற்க வேண்டும். எப்படி அடிபட்டார், என்னென்ன காயம், நாடியும் அழுத்தமும் எவ்வளவு, வழியில் என்ன கொடுத்தோம் என்ற நான்கையும் நான் சொல்லி முடித்த பிறகுதான் தொடுவார்கள். மூச்சு நின்றுபோனவருக்கும் வெள்ளமாக இரத்தம் போகிறவருக்கும் மட்டும் விதிவிலக்கு. அந்த அரை நிமிடத்தில் ஒருமுறை, 'ஸ்டீயரிங் நெஞ்சில் குத்தியிருந்தது, வண்டியை வெட்டித்தான் எடுத்தோம்' என்று நான் சொன்னதைக் கேட்டு, வெளியே கீறல்கூட இல்லாத ஓர் ஓட்டுநரைச் சிவப்புப் பகுதிக்கு மாற்றினார்கள். விலாவுக்குள் இரத்தம் தேங்கியிருந்தது. அந்தச் செவிலியர் பணிமாறுதலில் போனார். வழக்கமும் அவரோடு போய்விட்டது.

பதிவு 4: திண்டுக்கல்லிலிருந்து

மாட்டுக்குத் தட்டை வெட்டும் இயந்திரத்தில் என் கணவரின் இரண்டு விரல்கள் துண்டாகிவிட்டன. முதலில் போன இடத்தில், விரல்களை ஐஸ்கட்டிக்குள் நேராகப் போட்டுக் கொடுத்து, சீக்கிரம் போங்கள் என்றார்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்த மருத்துவர், ஈரத்துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸ் தண்ணீரில் வைத்திருக்க வேண்டும், இவை உறைந்து கெட்டுவிட்டன என்றார். சீட்டில் அழகான கையெழுத்தில் எல்லாம் எழுதித்தான் இருந்தது. எழுதினால் மட்டும் போதாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பதிவு 5: சிறுநகரில் மருத்துவமனை நடத்துபவர்

முதல் இடத்துக்காரர்களில் நானும் ஒருவன் என்பதால் எழுதுகிறேன். வாசலுக்கு வந்த காயம்பட்டவருக்கு, காவல்துறை நடைமுறைகளுக்குக் காத்திராமல், அரசு மருத்துவரானாலும் தனியார் மருத்துவரானாலும் உடனே சிகிச்சை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே தீர்ப்பளித்துவிட்டது; அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இரவு 9 மணிக்கு நான், ஒரு செவிலியர், ஒரு துப்புரவுப் பணியாளர் என மூன்றே பேர் இருக்கும் இடத்தில், வாசலில் முப்பது பேர் கூடி நின்று 'முடியலைன்னா சீக்கிரம் எழுதிக் குடுங்க சார்' என்று கத்தும்போது, ஒரு வரிக்கு மேல் எழுத மனம் வராது. தங்கவைத்து ஏதாவது நேர்ந்துவிட்டால் கண்ணாடி உடையும். எனக்கு ஒருமுறை உடைந்தது. அந்தப் பயத்தில் அனுப்பிய நோயாளிகளும் உண்டு என்பதை மறைக்கவில்லை.

2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டம் வந்த பிறகு, முதல் 48 மணி நேரச் செலவை அரசே ஏற்கிறது. தொடக்கத்தில் ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை, 81 சிகிச்சை முறைகளுக்கு என்று வகுத்தார்கள். முன்பணம் கட்டுவது பற்றி வாசலில் நடந்த பேரம் அதனால் பெருமளவு குறைந்திருக்கிறது. அந்த அளவுக்கு மனிதர்கள் அடுத்த இடத்துக்கு விரைவாகப் போய்ச் சேர்கிறார்கள். தகவல் போய்ச் சேருவதற்குத் திட்டம் எதுவும் தேவையில்லை, தொலைபேசி போதும். இப்போதெல்லாம் நான் வண்டியை அனுப்பிவிட்டு அடுத்த மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நானே பேசிவிடுகிறேன். எடுப்பவர்கள் பாதிப் பேர்தான்.

பதிவு 6: கோவை, ஆலைத் தொழிலாளி

என் அனுபவம் வேறு வகை. லாரியின் பின்சக்கரம் ஏறி, வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது. சேர்த்த மருத்துவமனையில் காலை எடுப்பதா வைப்பதா என்ற பேச்சு வந்தது. தோல், எலும்பு, தசை மூன்றுக்கும் காயத்தின் கடுமையைப் பொறுத்து மதிப்பெண் போட்டு, வயது, சர்க்கரை நோய் போன்றவற்றுக்கும் சேர்த்துக் கூட்டும் ஒரு முறை இருப்பதாக மருத்துவர் என் மனைவியிடம் விளக்கினார். எங்கள் ஊர் கங்கா மருத்துவமனையில் உருவாகி 2006-இல் வெளியானது என்றார். மொத்தம் 14-க்குள் இருந்தால் காலைக் காப்பாற்றலாம், 17-ஐ எட்டினாலோ தாண்டினாலோ எடுப்பதே நல்லது, நடுவில் இருந்தால் கூடிப் பேசி முடிவு செய்வார்கள். எனக்கு 15.

பேசினார்கள். காலை வைத்துக்கொள்வதானால் நான்கைந்து அறுவைகள், ஓர் ஆண்டுக்கும் மேல் வேலை இல்லை, கடைசியில் எடுக்கவும் நேரலாம் என்று ஒளிக்காமல் சொன்னார்கள். யோசித்துச் சொல்ல ஒரு நாள் கொடுத்தார்கள். நாங்கள் வைத்துக்கொண்டோம், ஐந்து அறுவைகள் நடந்தன, கால் இருக்கிறது, ஒன்றரை அங்குலம் குட்டை. இவ்வளவு நன்றாகப் பார்த்தவர்கள் வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சுருக்கத் தாளில், எல்லா அறுவைகளின் தேதியையும் எழுதிவிட்டு, கடைசி வரியாக 'பிசியோதெரபி தொடரவும்' என்று போட்டிருந்தார்கள். எங்கே, எத்தனை நாள், எவ்வளவு எடையைக் காலில் ஏற்றலாம் என்று ஒன்றுமில்லை. ஊரில் இருந்த பிசியோதெரபிஸ்ட் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, தொடவே பயந்தார். காலை ஊன்றவே எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. திரியைத் தொடங்கியவரின் தம்பிக்குப் பேச்சுப் பயிற்சி பற்றி யாராவது எழுதிக் கொடுத்தார்களா?

பதிவு 7: திரியைத் தொடங்கியவர்

இல்லை ஐயா, யாரும் எழுதித் தரவில்லை. நீங்கள் கேட்ட பிறகுதான் விசாரித்து, இந்த வாரம் முதல் தடவையாகப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போனேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இழப்பீட்டு வழக்குக்காக வழக்கறிஞர் கேட்டார் என்று, முதல் மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலை, ஏ.ஆர். காப்பி என்பார்களே, அதை நேற்று வாங்கினேன். அதில் 'இரவு 9.35, நினைவு தெளிவாக உள்ளது, பெயர், இடம், நாள் சரியாகச் சொல்கிறார், கண்பாவைகள் இரண்டும் சமம், மது வாடை இல்லை' என்று வரிசையாக எழுதியிருந்தது. இரண்டாவது மருத்துவர் என்னைக் கேட்ட எல்லாக் கேள்விகளுக்கும் அதில் பதில் இருந்தது. காவல் நிலையத்துக்கு அதன் ஒரு பிரதி அன்றிரவே போயிருக்கிறது.